பாவாயி பிளேட்டில் படித்த ஜெர்மன்

1

இன்று காலை ரொட்டிக் கடையில் என் மனைவியை ஜெர்மன்காரி என்று சந்தேகப்பட்டார்கள்.

கடைக்குப் புதிதாக வந்த பெண்ணாம். பாவாயி ரொட்டியை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னதும் அந்தப் பெண் மிச்சக் காசைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு எந்த ஊர்? எல்லைக்கு அந்தப் பக்கமோ?" என்று கேட்டிருக்கிறாள். கேட்ட தினுசு சரியில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் இருக்கும் பாசல் நகரம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. ஆற்றங்கரையோரம் நடந்தால் ஜெர்மனி வந்துவிடும். இங்குள்ளவர்கள் பேசுவதும் ஜெர்மன்தான், ஆனால் அது இவர்கள் ஊர்ப் பேச்சு. புத்தகத்தில் உள்ள சுத்த ஜெர்மனை ரேடியோவும் பாதிரியாரும் எல்லைக்கு அந்தப் பக்கத்தாரும்தான் பேசுவார்கள். யுத்தம் முடிந்துவிட்டது என்றாலும் அந்தப் பக்கத்தார் என்றால் இங்கே முகம் சுருங்குகிறது. என் மனைவி பேசுவதோ அப்பழுக்கில்லாத புத்தக ஜெர்மன். ஆட்டையாம்பட்டியில் தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெசவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றியவளைப் பார்த்து இப்படி ஒரு சந்தேகம்! சேலை கண்ணில் படவில்லையா, மூக்குத்தி படவில்லையா? தலையில் அடித்துக்கொள்வதா, சிரிப்பதா?

"நான் என்னுங்க தப்பாச் சொல்லிப்புட்டேன்? பிளேட்டுல இருக்கறதத்தானுங்க சொன்னேன்" என்றாள் பாவாயி. ரொட்டியை மேஜைமேல் வைத்த வேகத்தில் கோபம் தெரிந்தது.

பிளேட்டு என்று அவள் சொன்னது கிராமபோன் பிளேட்டை. இன்றைக்குத்தான் அவள் இந்த நாட்டுக்குள் காலெடுத்து வைத்த நாள். வருஷா வருஷம் இந்த நாளில் பருப்பும் கத்தரிக்காயும் கிடைத்த அளவுக்குச் சமைத்துச் சாப்பிடுவோம். இந்த வருஷம் அந்த பிளேட்டைப் பற்றியும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

2

நான் சந்தேகப்பிராணி. இதை என் மனைவியும் சொல்வாள், என்னோடு வேலை செய்கிறவர்களும் சொல்வார்கள். அது என் தொழிலில் வந்தது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சாயக் கடையில் வேலை பார்த்தேன். புதுச் சாயம் வந்தால் அதில் நூலை முக்கி, காயவைத்து, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பது என் வேலை. வெள்ளையில் ஒரு பொட்டு ஒட்டினாலும் "ஆகாது" என்று தள்ளிவிடுவேன். இப்படிப் பல வருஷம் தேய்த்தவன் மனுஷரையும் தேய்த்துத்தான் பார்ப்பான், வேறென்ன செய்வான்?

சாயக் கம்பெனியின் துரை ஒருவர் சேலத்துக்கு வந்தபோது நான் அவருடைய அரக்குச் சாயத்தை அவர் முன்னாலேயே தேய்த்து, "இது சாயம் போகும்" என்று சொல்லிவிட்டேன். கடை முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. துரைக்கு என்ன தோன்றியதோ, எங்கள் பக்கத்து நெசவாளிகளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று சொல்ல ஆள் வேண்டும் என்று என்னை இங்கே வரவழைத்துக்கொண்டார். கல்யாணமாகி வெகுநாள் ஆகவில்லை. மனைவியை ஆட்டையாம்பட்டியில் அவள் தம்பி ராமலிங்கத்தின் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன். சீக்கிரம் அழைத்துக்கொள்வேன் என்று சொன்னேன். அந்தச் சீக்கிரம் வருஷக்கணக்காக நீண்டது.

எல்லாம் வெளிநாட்டார் போலீஸ் என்ற ஆபீஸின் கைங்கரியம். மனைவியை அழைக்க வேண்டும் என்று போய் நின்றால், "மனைவிதான் என்பதற்கு அத்தாட்சி?" என்பான். நம் ஊர்க் கல்யாணத்துக்கு ஏது அத்தாட்சி? ஊரே சாப்பிட்டதுதான் அத்தாட்சி. கடைசியில் ஒருவன் இறங்கிவந்தான். "வரட்டும். ஆனால் எல்லையில் அவளைத் தனியாக விசாரிப்பார்கள். பொய் மனைவிகள் நிறைய வருகிறார்கள். கேள்வி ஜெர்மனில்தான் இருக்கும். உங்கள் பாஷைக்கு இங்கே ஆள் கிடையாது. பதில் சரியில்லை என்றால் அடுத்த ரயிலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றான்.

நானே ஜெர்மனைச் சாயப் பட்டறையில் திட்டு வாங்கி வாங்கித்தான் படித்திருந்தேன். ஆட்டையாம்பட்டியில் உட்கார்ந்து அவள் எப்படிப் படிப்பாள்?

பட்டறையில் ஒருவன் சொல்லித்தான் இந்த பிளேட்டு விஷயம் தெரிந்தது. ஜெர்மன் தெரியாதவர்களுக்குப் பாடத்தை பிளேட்டில் பேசி விற்கிறார்களாம். கடைக்குப் போய் ஒவ்வொரு பிளேட்டையும் இரண்டு பக்கமும் போடச் சொல்லிக் கேட்டேன். கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கடைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பிளேட்டில் ஓர் ஆண் கேள்வி கேட்கிறான், ஒரு பெண் பதில் சொல்கிறாள். தொப்பி எங்கே? தொப்பி மேஜைமேல் இருக்கிறது. ஆப்பிள் என்ன நிறம்? ஆப்பிள் சிவப்பு. எந்த ஊரில் எந்த மனுஷன் ஐயா இப்படிக் கேட்கிறான்? எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. பாடங்களின் அர்த்தத்தைத் தமிழில் எழுதிவைத்து, "பிளேட்டில் உள்ளதை உள்ளபடி சொல். சொந்தமாக ஓர் எழுத்தும் சேர்க்காதே" என்று அவளுக்குக் கண்டிப்பாக எழுதி அனுப்பினேன்.

3

அதற்குப்பின் ஆட்டையாம்பட்டியில் நடந்ததெல்லாம் பாவாயியும் ராமலிங்கமும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இருவர் சொன்னதையும் ஒத்துப்பார்த்துக்கொண்டேன்.

ராமலிங்கம் சேலத்திலிருந்து ஒரு பழைய கிராமபோனைக் கொண்டுவந்து தறிக்குப் பக்கத்தில் வைத்தான். அவன் குழியில் கால் விட்டு நெய்வான். அவள் இராட்டையில் தார் சுற்றுவாள். பெட்டிக்குச் சாவி கொடுத்துவிட்டால் பிளேட்டில் உள்ள துரை பேச ஆரம்பிப்பான். முதலில் அது மொழி என்றே அவளுக்குப் படவில்லையாம். தொண்டையில் எதுவோ சிக்கிக்கொண்டு காறுவதுபோல் இருந்ததாம். அர்த்தத்தைப் பார்க்காமல் தறிச் சத்தத்தோடு சத்தமாகத் தினமும் ஓட விட்டிருக்கிறாள். கேட்டுக் கேட்டு, எங்கே இழுக்கிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள் என்பது பிடிபட்டது. பிறகு அந்தப் பெண் பதில் சொல்லும் முன்பே இவள் முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

தான் சொல்வது சரிதானா என்று பார்க்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலிக் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவாள். தன் குரல் தனக்கே திரும்பக் கேட்கும். உடனே பிளேட்டைப் போட்டு அந்தப் பெண்ணின் குரலோடு ஒப்பிடுவாள். வித்தியாசமாக இருந்தால் மறுபடி குடம்.

சும்மா விடுமா ஊர்? புருஷன் கடல் கடந்து இருக்கிறான், வீட்டில் ஆம்பளைக் குரல் கேட்கிறது, இவள் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்கிறாள் என்று பேச்சுக் கிளம்பியது. இதை ராமலிங்கம் எனக்கு எழுதியபோது நான் அவனையே சந்தேகப்பட்டேன். பாடம் ஓட வேண்டிய நேரத்தில் நாடகப் பாட்டு பிளேட்டைப் போட்டு ஊரைக் கூட்டுகிறானோ என்று கேட்டுப் பதில் எழுதினேன். பாவம், அவனுக்கு ரோஷம் வந்து ரொம்ப நாள் கடிதமே போடவில்லை.

பிறகு போலீஸ் வந்தது. சுயராஜ்யக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலம். அந்நிய பாஷையில் இரகசியம் பேசுகிறார்கள் என்று யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். ஏட்டையா ஒருவர் வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, "எல்லாத்தையும் போடு" என்றார். ஒரு பிளேட்டு விடாமல் போட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இதுல சர்க்காரைப் பத்தி என்ன சொல்றான்?"

"தொப்பி மேசை மேல இருக்குதுன்னு சொல்றானுங்க" என்றான் ராமலிங்கம்.

"யாரு தொப்பி?"

"அது சொல்லலீங்க."

"அதான! அத ஏன் சொல்ல மாட்டேங்கறான்?" என்றாராம் ஏட்டையா.

தொப்பி யாருடையது என்று தெரியும்வரை விசாரணை முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வாரா வாரம் வந்து மோர் குடித்துவிட்டு பிளேட்டு கேட்டார். கடைசியில் அவருக்கே "கூட்டன் டாக்" என்று வணக்கம் சொல்ல வந்துவிட்டது. மணியக்காரரைப் பார்த்துச் சொல்லி அவரையும் மிரட்டினாராம்.

பாஸ்போர்ட்டுக்காகச் சேலம் ஆபீஸுக்குப் போனபோது புருஷன் பேர் என்ன என்று குமாஸ்தா அவளைக் கேட்கவே இல்லை. நேராக ராமலிங்கத்தைப் பார்த்துக் கேட்டு எழுதிக்கொண்டார். நம் ஊர்க் குமாஸ்தாவுக்கு இது தெரியும். கட்டியவன் பேரைப் பெண்பிள்ளை சொல்லமாட்டாள், சொன்னால் அவன் ஆயுசு குறையும். என் பேர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டு சாமியின் பேர். ஆகவே பாவாயி அந்த சாமியின் பேரையும் சொல்லமாட்டாள். "மலைமேல இருக்கறவரு" என்பாள். இதெல்லாம் நமக்கு மூச்சு விடுவதுபோல் பழகிப்போனது. பாடம் எழுதி அனுப்பியபோது எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

4

எங்களுக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும். இரண்டும் இங்கே பிறந்தவை. வாயைத் திறந்தால் பாசல் பேச்சு. அம்மா பேசும் ஜெர்மனைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கும். "அம்மா ரேடியோவில் செய்தி வாசிக்கிறாள்" என்று பெண் கேலி செய்கிறாள். தமிழில் ஏதாவது கேட்டால் இரண்டும் புரிந்துகொள்கின்றன, பதில் மட்டும் வேறு பாஷையில் வருகிறது. எவ்வளவு புரிகிறது என்று எனக்குச் சந்தேகம். போன வாரம், "வெங்காயம் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வா சாமி" என்று அம்மா சொன்னாள். பையன் போய் பூண்டோடு வந்தான். ஒருவேளை புரிந்தே வேண்டுமென்று செய்தானோ, யார் கண்டது?

பாவாயி வந்த புதிதில் கடைக்குப் போனால் கல் மாதிரி நிற்பாள். யாராவது ஏதாவது கேட்டால் மணிமணியாகப் பதில் சொல்வாள். தானாக ஒன்றும் கேட்கமாட்டாள். வெறுங்கையோடு திரும்பி வருவாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒருநாள் பிடித்து வைத்துக் கேட்டேன்.

"கேள்வி ஆம்பளைக் கொரலுங்க. பதிலுதான் பொம்பளைக் கொரலு. நான் பதில மட்டுந்தானுங்க படிச்சேன். ஆம்பளை பேசறத நான் எதுக்குப் பேசோணும்?" என்றாள்.

பாடம் போட்டவன் இதை எதிர்பார்த்திருக்கமாட்டான். நானும்தான். பிறகு கேள்விகளை நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். அவை மட்டும் என்னுடைய பட்டறைப் பேச்சில் இருக்கும். அதனால் அவள் கேட்கும்போது சாயத் தொழிலாளி மாதிரியும் பதில் சொல்லும்போது பெரிய வீட்டுச் சீமாட்டி மாதிரியும் பேசுவாள்.

5

இனி அவள் வந்து சேர்ந்த நாளைச் சொல்கிறேன். எல்லை ஸ்டேஷன் தெற்கே, இத்தாலிப் பக்கம் இருக்கிறது. ஜெனோவாவில் கப்பலிலிருந்து இறங்கி, உடன்வந்த ஒரு மிஷன் அம்மாள் ரயிலேற்றிவிட, அவள் தனியாக அங்கே வந்து சேர வேண்டும். நான் முதல் நாளே போய்க் காத்திருந்தேன். ரயில் வந்தது. எல்லாரையும் வரிசையாக ஒரு கூடத்துக்குள் அழைத்துப் போனார்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்தேன். சேலைக்கு மேல் யாருடையதோ பெரிய கோட்டு. கையில் துணி மூட்டை. ரொம்ப இளைத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து ஓர் அதிகாரி கதவைத் திறந்தார். தடித்த மனிதர், மீசை நரைத்தவர். கையில் அவளுடைய பாஸ்போர்ட்.

"அர்த்தநாரி என்பது நீயா?"

"ஆமாம்."

"அப்படியானால் கார்ல் லேமன் யார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கணம், என் புத்தியைச் சொல்ல வேண்டுமே, ஊரில் பேசிய பேச்செல்லாம் காதில் வந்து மோதியது. எவன் அந்த லேமன்?

"உன் புருஷன் பேர் என்ன என்று கேட்டேன். கார்ல் லேமன் என்கிறாள். மறுபடி கேட்டேன். அதையேதான் சொல்கிறாள். அழகான ஜெர்மன், ஒரு தடுமாற்றம் இல்லை. நன்றாகத் தயார் செய்து அனுப்பியிருக்கிறார்கள். யார் தயார் செய்தது?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. பிளேட்டின் கடைசிப் பாடம்! உங்கள் புருஷன் பேர் என்ன? "மைன் மான் ஹைஸ்ட் கார்ல் லேமன்", என் புருஷன் பேர் கார்ல் லேமன். உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள்.

அதிகாரியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பிளேட்டு, பாடம், எங்கள் வழக்கம் எல்லாம். அவர் முகம் இன்னும் இறுகியது.

"புருஷன் பேர் தெரியாத மனைவி எந்த நாட்டில் இருக்கிறாள்?"

"தெரியும் ஐயா. சொல்லமாட்டாள்."

"தெரிந்தும் சொல்லவில்லை என்றால் மறைக்கிறாள் என்று அர்த்தம்."

"வேறு எதையாவது கேளுங்கள். என் கையில் என்ன தழும்பு இருக்கிறது என்று கேளுங்கள். என் தகப்பனார் பேர்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினேன். மாமனார் பேரையும் அவள் சொல்லமாட்டாள்.

"சட்டப்படி ஒரே கேள்விதான். அவள் வாயால் உன் பேரைச் சொன்னால் உள்ளே. இல்லாவிட்டால் அதோ நிற்கிறதே மிலான் ரயில், அதில் ஏறிக்கொள்ளட்டும்" என்றார். ரயில் புகைவிட்டுக்கொண்டு நின்றது.

என்னைக் கதவு வரைக்கும் விட்டார். உள்ளே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் தமிழில் வாயைத் திறந்தேன். அதிகாரி கையை நீட்டித் தடுத்துவிட்டார். "அந்தப் பாஷை கூடாது. சொல்லிக்கொடுப்பாய். இருவரும் ஜெர்மனில் பேசுங்கள், எனக்கும் புரியட்டும்."

அத்தனை வருஷம் பிரிந்திருந்துவிட்டு, தொப்பியும் ஆப்பிளும் மேஜையும் உள்ள பாஷையில் நாங்கள் பேச வேண்டும். என்ன கொடுமை ஐயா இது!

"கூட்டன் டாக், மைன் ஹெர்" என்றாள் அவள். வணக்கம் ஐயா என்று அர்த்தம். குரல் நடுங்கியது, உச்சரிப்பு நடுங்கவில்லை.

நான் ஜெர்மனில் மெதுவாகச் சொன்னேன். "பேரைச் சொல். லேமன் வேண்டாம். என் பேர்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டினாள். முடியாது என்று. ரயிலைக் காட்டினாள். தான் திரும்பிப் போவதாகக் கையைக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. என் பேரைச் சொல்லி இங்கே வருவதைவிட, என் முகத்தை இனிமேல் பார்க்காமலே ஆட்டையாம்பட்டியில் தார் சுற்றிக்கொண்டிருக்கத் தயாராக நின்றாள். பிறகு எதையோ தேடுவதுபோல் யோசித்தாள். வைத்தியர் வீட்டுப் பாடத்தில் அந்தப் பெண் சொல்லும் ஒரு பதிலை எடுத்தாள்.

"மைன் மான் இஸ்ட் க்ராங்க்."

என் புருஷனுக்கு உடம்பு சரியில்லை. அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு என்ன வியாதி? தொற்றுநோயா?" என்றார். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். பேரைச் சொன்னால் உங்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்கிறாள்.

"இல்லை. உன் புருஷன் நன்றாக இருக்கிறான். ஈர் மான் இஸ்ட் கெசுண்ட்" என்று அவளிடம் சொன்னேன்.

"கெசுண்ட்?" என்று கேட்டாள். பிளேட்டில் இல்லாத கேள்வி. அவளாகக் கேட்டது.

"கெசுண்ட். நன்றாக இருப்பான். சொல்."

மிலான் ரயில் ஊதியது. ஸ்டேஷன்காரன் ஒருவன் வந்து அவளுடைய மூட்டையைத் தூக்கினான். அவள் கோட்டுக்குள் கையை விட்டுத் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உதடு அசைந்தது. மலைமேல் இருக்கிறவரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாள். பிறகு நேராக நிமிர்ந்து, பிளேட்டில் வரும் அந்தச் சீமாட்டியின் குரலிலேயே, எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே இழுத்துச் சொன்னாள்.

"மைன் மான் ஹைஸ்ட் அர்த்தநாரி."

"இவ்வளவுதானே? இதற்கா இந்தப் பாடு?" என்று சொல்லிவிட்டு அதிகாரி முத்திரையைக் குத்தினார்.

6

வடக்கே போகும் ரயிலில் ஏறினோம். எங்களுக்கு எதிரே ஒரு கிழவரும் கிழவியும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி நகர்ந்ததும் நான் முதலில் கேட்டதே அதுதான்.

"எதுக்கு அந்த லேமன் பேரைச் சொன்ன?"

"நீங்கதான உள்ளபடி சொல்லோணும்னீங்க. பிளேட்டுல அந்தம்மாளும் துளி கூசாமச் சொல்லுச்சுங்க. பொம்பளை எப்படிப் புருஷன் பேர நடுச்சபையில சொல்லுவா? இந்த ஊருப் பொம்பளைங்க எல்லாரும் புருஷன் பேருக்குப் பதிலா அந்தப் பேரத்தான் சொல்லுவாங்களாட்டம் இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டனுங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

வண்டி மலையேற ஆரம்பித்தது. சன்னலுக்கு வெளியே கிடுகிடு பள்ளம். நான் எதையும் தேய்த்துப் பார்க்காமல் நம்பாதவன். பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பதை நான் ஏன் நம்பப்போகிறேன்? ஆனாலும் சன்னலோரத்திலிருந்து எழுந்து உள்பக்கமாக உட்கார்ந்தேன். தலைக்கு மேலே பெரிய டிரங்குப் பெட்டி இருந்தது. அதை இறக்கிக் கீழே வைத்தேன். கதவுத் தாழ்ப்பாள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று எழுந்துபோய் இழுத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பயமா இருக்குதுங்களா?"

"எனக்கென்ன பயம்? சும்மா பார்த்தேன்."

"எனக்கு இருக்குதுங்க" என்றாள்.

நம் ஊர் வீதியில் எனக்குப் பின்னால் தள்ளி நடந்து வருகிறவள், அந்தக் கிழவனும் கிழவியும் பார்த்துக்கொண்டிருக்க எழுந்துவந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. உங்கள மேலோகத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு எவனாச்சும் வந்து பேரு கேட்டான்னா, லேமன்னு சொல்லி அனுப்பிச்சர்றனுங்க."

வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது. சன்னலெல்லாம் கறுத்துவிட்டது. நீளமான சுரங்கம், முடிகிற வழியாக இல்லை. மறுபக்கம் வெளிச்சம் வந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. எடு என்று நானும் சொல்லவில்லை.